ஒரு ஸ்டூல் கேட்டால் தப்பா? கடைப் பெண்களின் ‘உட்காரும் உரிமை’ – நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவு ஒன்பதரை மணிக்கு மேல் பாலக்கரை ரவுண்டானா பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரே நிறத்தில் யூனிஃபார்ம் சேலை, தோளில் சாப்பாட்டுப் பை, கையில் செல்போன். என்.எஸ்.பி. ரோடு, சின்னக்கடை வீதி, பெரிய கடை வீதி என்று மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைகளில் வேலை முடித்து வீடு திரும்பும் பெண்கள் அவர்கள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பார்கள். சற்று நேரத்தில் இன்னொரு காலுக்கு மாற்றுவார்கள். பஸ் வந்து சீட் கிடைத்தால், அவர்களில் பலருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காரும் முதல் இடம் அதுதான்.

நாம் கடைக்குப் போகிறோம். முப்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, “அப்புறம் வர்றோம்மா” என்று கிளம்பிவிடுகிறோம். நமக்கு எதிரே நின்று பிரித்துக் காட்டிய அந்தப் பெண் காலையிலிருந்து உட்கார்ந்தாரா என்று கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதுமில்லை.

“பெண்கள் பாதுகாப்பு” என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது போலீஸ், கேமரா, செயலி, தெருவிளக்கு. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் உட்கார முடியாமல், கழிப்பறைக்குப் போக முடியாமல், மேலாளர் தப்பாகப் பேசினால் யாரிடம் சொல்வது என்றும் தெரியாமல் பத்து மணி நேரம் கழிக்கும் ஒருவருக்குப் பாதுகாப்பு என்பது அதற்கும் முன்னாலேயே தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தை மாற்றியவர்கள் யார், நாம் அதில் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

‘உட்காரும் உரிமை’ என்றால் என்ன?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் 2021ஆம் ஆண்டு 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் இதற்கான மசோதாவைச் சட்டப்பேரவையில் தாக்கல் செய்தார். அதே கூட்டத்தொடரில் நிறைவேறியது.

சுருக்கமாகச் சொன்னால் அந்தப் பிரிவு கேட்பது இதைத்தான்: ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இது பெண்களுக்கு மட்டுமான சட்டம் இல்லை. ஆண் ஊழியர்களுக்கும் உண்டு. இரண்டு, வாடிக்கையாளர் வரும்போதும் உட்கார்ந்தே இருக்கலாம் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. வேலை இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் அதைக் குற்றமாகப் பார்க்காதே என்கிறது. அவ்வளவுதான். இதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஏன் தேவைப்பட்டது?

மணிக்கணக்கில் நின்றால் காலில் ரத்தம் தேங்கும். பாதம் வீங்கும். நரம்பு சுருண்டு புடைத்துக்கொள்ளும் ‘வெரிகோஸ் வெயின்’, இடுப்பு வலி, முதுகு வலி எல்லாம் பின்னாலேயே வரும். மாதவிடாய் நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் இது இன்னும் கடினம். சென்னை ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை வைத்து வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’ 2010இல் வந்தபோது தமிழ்நாடே பார்த்துக் கலங்கியது. சட்டம் வர அதற்குப் பிறகும் 11 ஆண்டுகள் ஆயின.

வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவே சொல்லிவிட்டது. மில்லில் கிடைத்த அந்த உரிமை, ஜவுளிக் கடையின் படியேறி உள்ளே வர 73 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே கடை உதவியாளர்களுக்கான இருக்கைச் சட்டம் வந்தது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்றது அது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1964இல் கொண்டுவந்த, வணிக நிறுவனங்கள் மற்றும் அலுவலகங்களுக்கான 120ஆவது உடன்படிக்கை, போதுமான இருக்கைகளும் அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வங்கிக் கவுன்ட்டர், மருந்துக் கடை ஊழியர்களின் இருக்கை வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 2016இல் தீர்ப்பு வந்தது. ஆக, இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. கடை வீதி இருக்கும் இடமெல்லாம் இந்தக் கால் வலி இருந்திருக்கிறது.

இது எங்கிருந்து தொடங்கியது?

நமக்குப் பக்கத்திலிருந்துதான். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடை வீதி இருக்கிறது. நம்ம சின்னக்கடை வீதி மாதிரி நெரிசலானது. அங்கே தையல் வேலை பார்த்த விஜி என்பவர், சுற்றியிருந்த கடைகளில் வேலை பார்த்த பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார்.

அவர்களுடைய முதல் கோரிக்கை இருக்கை அல்ல, கழிப்பறை. கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் பல பெண்கள் வேலைக்கு வந்தால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அதற்காகப் போராடினார்கள். பிறகுதான் இருக்கை. பெரிய தொழிற்சங்கங்கள் இதையெல்லாம் ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளாதபோது, அமைப்புசாராத் துறைக்கெனத் தனிச் சங்கமே தொடங்கினார்கள். திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடையின் ஆறு பெண் ஊழியர்கள் 2014 டிசம்பரில் தொடங்கிய போராட்டம் நூறு நாட்களைத் தாண்டியது. அதை ‘இரிக்கல் சமரம்’ என்றே அழைத்தார்கள். மலையாளத்தில் ‘இரிக்க’ என்றால் உட்கார என்று பொருள்.

2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பிபிசியின் உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜி இடம்பெற்றார். 2019 செப்டம்பரில் தமிழ்நாட்டின் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் இந்த விஷயம் பேசப்பட்டு ஒப்புதல் கிடைத்தது. 2021இல் நமக்கும் சட்டம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். பெரிய நிதி இல்லை, பிரபலங்கள் இல்லை. தையல் மிஷினும் தைரியமும் இருந்த சில பெண்கள் ஒரு தெருவில் பேசத் தொடங்கியதால், வேறொரு மாநிலத்தில், வேறொரு மொழி பேசும் திருச்சிப் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் சட்டப்படி உரியதாகிவிட்டது. அடித்தள முயற்சி என்பது இதுதான்.

திருச்சியில் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் திருச்சியின் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைகள் இருந்தன. ஆனால் உள்ளே போக முடியாது. தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை, கதவு இல்லை. பெண்கள் விடியும் முன்போ இருட்டிய பிறகோ திறந்தவெளிக்குத்தான் போக வேண்டும். அந்த இருட்டு எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லத் தேவையில்லை.

‘கிராமாலயா’ போன்ற தன்னார்வ அமைப்புகளின் துணையோடு, அந்தந்தப் பகுதிப் பெண்களே குழுவாகச் சேர்ந்து கழிப்பறைகளை நடத்தத் தொடங்கினார்கள். சுகாதாரக் கல்விக் குழு என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக ‘ஷீ டீம்’ என்று அவற்றுக்குப் பெயர். ஒருமுறை பயன்படுத்தச் சில்லறைக் காசு. அந்தக் காசில் சுத்தம் செய்பவருக்குச் சம்பளம், பினாயில், பல்பு, மோட்டார் ரிப்பேர். கணக்கு எழுதுவது பெண்கள், டோக்கன் கொடுப்பது பெண்கள், மாநகராட்சியிடம் போய்ப் பேசுவதும் பெண்கள். கல்மந்தை பகுதி 2002இல் திறந்தவெளிக் கழிப்பிடம் இல்லாத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ‘தூய்மை இந்தியா’ திட்டம் வந்தது 2014இல்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2016இல் நாட்டின் தூய்மையான நகரங்கள் பட்டியலில் திருச்சி மூன்றாம் இடம் பிடித்தபோது நாமெல்லாம் ஸ்டேட்டஸ் வைத்தோம். அந்தப் பெருமையில் இந்தப் பெண்களுக்கும் பங்கு உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது, கழிப்பறை கட்டியது மட்டும் மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. சாவி யார் கையில் இருந்தது என்பதுதான் வித்தியாசம். சாவி அந்தத் தெருப் பெண்களின் கைக்குப் போனபோது விளக்கு எரிந்தது, கதவு பூட்டியது, பெண் குழந்தைகள் பயமில்லாமல் போனார்கள்.

சட்டம் இருக்கிறதே, பிறகு என்ன குறை?

சட்டம் கடைக்குள் தானாக நடந்து வராது. அதுதான் குறை.

கடைக்காரர்கள் சொல்லும் நியாயங்களையும் கேட்போம். “வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லைன்னு நினைப்பாங்க.” “கடை பத்துக்குப் பத்துதான், ஸ்டூல் எங்க போடுறது?” “உட்கார விட்டா வேலை நடக்காது.” இரண்டாவதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மடக்கு ஸ்டூலுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? மூன்றாவது, ஊழியரை நம்பாத பேச்சு. முதலாவதுதான் முக்கியம். ஏனென்றால் அது நம்மைப் பற்றியது. நமக்காகத்தான் அவர்கள் நிற்கிறார்கள் என்றால், நாம் வேண்டாம் என்று சொல்லலாமே!

இன்னொன்று, இரவு வேலை. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று 2019இல் தமிழ்நாடு அரசு அனுமதி கொடுத்தது. பிறகு அதை நீட்டித்தது. அந்த அனுமதி நிபந்தனைகளோடு வந்தது. சாதாரணமாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அவர்கள் எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்தால் மட்டுமே, தகுந்த பாதுகாப்போடு வேலை தரலாம். ஷிப்ட்டில் வரும் பெண்களுக்கு வாகன ஏற்பாடு வேண்டும். ஓய்வறை, கழிப்பறை, பொருள் வைக்க லாக்கர் வேண்டும். ‘24 மணி நேரமும் கடை’ என்ற தலைப்பு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நிபந்தனைகள்தான் யாருக்கும் நினைவில்லை.

தப்பாக நடந்துகொண்டால் யாரிடம் சொல்வது?

இந்தச் சட்டத்தின் வேரும் ஓர் அடித்தளப் பெண் ஊழியர்தான். 1992இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற ஒரு களப்பணியாளர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் ‘விசாகா’ வழிகாட்டுதல்களைத் தந்தது. அது 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாக ஆனது.

அந்தச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அமைக்காவிட்டால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவான சின்னக் கடையா? மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கும். அங்கே புகார் தரலாம். முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஒப்பந்த ஊழியர், பயிற்சிக்கு வந்தவர், தினக்கூலி, வீட்டு வேலை செய்பவர் என எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஆனால் குழு இருந்தால் மட்டும் போதாது. பயமில்லாமல் பேச ஒரு துணை வேண்டும். திண்டுக்கல் இதற்கு உதாரணம். 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளோடு கைகோத்து, துணி வாங்கும் பிராண்டு வரை கேள்வியைக் கொண்டுபோனது. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. எச் அண்ட் எம் நிறுவனமும் அதில் கையெழுத்திட்டது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி தருவது, புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது, மீறினால் வணிகத்தில் விளைவு உண்டு என்பது எல்லாம் அதில் இருக்கின்றன. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக, பிராண்டுகளையும் கட்டுப்படுத்தும் இப்படியொரு ஒப்பந்தம் ஆசியாவில் முதன்முதலில் வந்தது நம்ம திண்டுக்கல்லில்.

சரி, நான் என்ன செய்ய முடியும்?

“உலகெங்கும் பெண்களுக்கு ஆதரவு” என்று மார்ச் 8 அன்று ஒரு போஸ்ட் போடுவது எளிது. அதைவிடப் பயனுள்ள, அதைவிடச் சின்ன வேலைகள் இருக்கின்றன:

1. கடையில் புடவை பார்க்கும்போது எதிரில் நிற்பவரிடம், “நீங்க உட்காருங்கக்கா, நான் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லுங்கள். பில் போடும்போது மேலாளரிடம், “இவங்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கீங்களா?” என்று சிரித்தபடியே கேளுங்கள். பத்து வாடிக்கையாளர் கேட்டால் முதலாளி காதுக்குப் போகும். ஆனால் குறிப்பிட்ட ஊழியர் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். அவர் வேலைக்கு ஆபத்து.

2. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் நேரத்தில் ஒன்பதே முக்காலுக்குக் கடைக்குள் நுழையாதீர்கள். உங்களுக்காக மடிப்புக் கலைந்த துணிகளை மடித்து வைத்துவிட்டுத்தான் அவர்கள் பஸ் பிடிக்க வேண்டும்.

3. உங்கள் அலுவலகத்தில் உள்ளகக் குழு இருக்கிறதா? உறுப்பினர் பெயர்கள் எங்கே ஒட்டியிருக்கின்றன? ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் செக்யூரிட்டிப் பெண்ணுக்கும் அது தெரியுமா? நாளைக்கே கேட்கலாம்.

4. இருக்கை இல்லாத கடையைப் பற்றி மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதித் தரலாம். அவசர உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. செல்போனில் இப்போதே சேமித்து வையுங்கள்.

5. பணம் தர விரும்பினால், பெரிய தொகையை ஒருமுறை தருவதைவிடச் சின்னத் தொகையை மாதாமாதம் தருவது மேல். யாருக்குத் தரலாம்? முடிவெடுக்கும் இடத்தில் அந்தப் பெண்களே இருக்கிறார்களா, கணக்கு காட்டுகிறார்களா என்று பாருங்கள். நிதி வேண்டும் என்பதற்காகப் பாதிக்கப்பட்டவர் முகத்தைப் போஸ்டரில் போடும் இடத்திலிருந்து தள்ளி நில்லுங்கள்.

6. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், ஊர், வேலை பார்க்கும் இடம் என அடையாளம் காட்டும் எதையும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். “நியாயம் கிடைக்கணும்” என்ற நல்லெண்ணத்தில் செய்தாலும் அது சட்டப்படி குற்றம்.

நாம் சொல்ல வருவது

அரசுக்கும் ஒரு வார்த்தை. பண்டிகைக் காலத்தில் எடைக்கல் முத்திரையைச் சோதிக்கப் போகும் தொழிலாளர் துறை அதிகாரிகள், அப்படியே ஒரு நிமிடம் குனிந்து கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். சோதித்த கடைகள் எத்தனை, இருக்கை இல்லாதவை எத்தனை என்று மாவட்டவாரியாக வெளியிடலாம். உள்ளூர்க் குழு உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலும் பாலக்கரை நிறுத்தத்திலும் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, நல்ல திட்டம். கடை மூடும் நேரத்துக்கு ஏற்ப இரவில் பஸ்ஸும் வேண்டும்.

மிட்டாய்த் தெருவிலும் கல்மந்தையிலும் திண்டுக்கல்லிலும் நடந்ததைப் பார்த்தால் ஒன்று புரியும். எங்கேயும் முதலில் வந்தது சட்டமோ திட்டமோ இல்லை. “இது சரியில்லை” என்று ஒருத்தர் சொன்னதும், “ஆமாம், எனக்கும்தான்” என்று பக்கத்திலிருந்தவர் சொன்னதும்தான் முதலில் நடந்தது. அந்த இரண்டாவது குரலுக்குத்தான் நம் ஆதரவு தேவை. ஏனென்றால், முதல் குரல் தனியாக நின்றால் அவருக்கு வேலை போகும். இரண்டு, மூன்று, பத்து என்று சேர்ந்தால் விதி மாறும்.

இன்று இரவும் ஒன்பதரை மணிக்குச் சத்திரத்திலிருந்து ஜங்ஷன் போகும் பஸ் பாலக்கரையில் நிற்கும். நீங்கள் அதில் உட்கார்ந்திருந்து, யூனிஃபார்ம் சேலையில் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி நின்றால், எழுந்து இடம் கொடுங்கள். நாளை அவர் கடைக்குப் போகும்போது, ஸ்டூல் எங்கே என்றும் கேளுங்கள்.